வயரக்காவின் நூற்றுப் பத்தொன்பது

எங்கள் கணினி அறிவியல் துறையில் பட்டம் வாங்க நூற்றிருபது கிரெடிட் வேண்டும். நூற்றுப் பத்தொன்பது போதாது. இதை மாணவர்களின் முகத்துக்கு நேரே சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். துறை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாக எழுத்தர் வேலை. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் நந்தி. அவர்களுக்கும் பட்டத்துக்கும் நடுவில் படுத்துக்கிடக்கிறேனாம். சொல்லிவிட்டுப் போகட்டும். மூன்று வருஷம் நுண்கணிதத்துக்குத் தண்ணி காட்டிவிட்டு, கடைசி வாரத்தில் ஓடிவந்து "சார், ஏதாவது பண்ணுங்க" என்று பல்லிளிப்பவனுக்கு நான் நந்திதான்.

வயரக்காவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தேன். அவள் கதையில் ஓரிடத்தில் நான் பேனாவைத் திறந்திருக்கிறேன். அதனால் என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் எங்கள் துறையின் ஆய்வக உதவியாளர். இரண்டாம் மாடியில் மூன்று ஆய்வகங்கள். காலை எட்டு மணிக்கு வந்து கதவு திறப்பாள். கழுத்தில் எப்போதும் நாலைந்து கேபிள் தொங்கும். அதனால் வயரக்கா. பேராசிரியர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். எந்தக் கணினி எந்த நாளில் மக்கர் பண்ணும், எந்த விசைப்பலகையில் எந்த எழுத்து ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர், அதிர்ந்து பேசாத மனுஷர். ஒரே மகள்.

பாதி நாள் மேசைக்கு அடியில்தான் இருப்பாள். மாணவர்கள் மேலே உட்கார்ந்து "அக்கா, நெட் வரல" என்பார்கள். கீழேயிருந்து "வரும், காலைத் தள்ளு" என்று பதில் வரும். எத்தனையோ நாள் அவள் கீழே இருந்தபடியே திரையைப் பார்க்காமல் அவர்கள் நிரலில் இருக்கும் தப்பைச் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர்கள் உரக்கப் படிப்பார்கள், அவள் "அந்த மூணாவது வரிய இன்னொரு தரம் படி" என்பாள். அவ்வளவுதான், பையன் தலையில் அடித்துக்கொள்வான்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஆய்வக ஆசிரியர் ஆக வேண்டும். மேசைக்கு அடியிலிருந்து எழுந்து மேசைக்கு முன்னால் நின்று சொல்லித்தர வேண்டும். அந்த வேலைக்குக் கணினி அறிவியலில் இளங்கலைப் பட்டம் கட்டாயம். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஊழியர்கள் பருவத்துக்கு ஒரு பாடம் எடுத்துப் படிக்கலாம் என்று ஒரு விதி உண்டு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, அந்த விண்ணப்பம் இருக்கிறதா என்று கேட்டாள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் சிரித்துவிட்டேன். வருஷத்துக்கு மூன்று பருவம், மூன்று பாடம் என்றால் நாற்பது பாடம் முடிக்க எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. அந்த வருஷங்கள் படித்தாலும் போகும், படிக்காவிட்டாலும் போகும், விண்ணப்பத்தைக் கொடுங்கள் அண்ணே என்றாள்.

அவளுக்கு ஒரு மஞ்சள் அட்டை போட்டேன். கணினித் துறைக்கு அட்டையா என்று சிரிக்காதீர்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை, அதில் நாற்பது சொச்சம் கட்டங்கள். நிரலாக்கம் இரண்டு பாடம், தரவுக் கட்டமைப்பு, தனிநிலைக் கணிதம், நுண்கணிதம் இரண்டு, புள்ளியியல், கணினி அமைப்பு, அதற்கு ஓர் ஆய்வகம், இயக்க முறைமை, வலையமைப்பு, கட்டுரை எழுதும் பாடம், அறவியல், கடைசியில் திட்டப்பணி. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததற்குள் விடுவோம். பாடத்தில் சேர்ந்ததும் பென்சிலில் டிக் போடுவேன். மதிப்பெண் கையில் வந்த பிறகு அதன் மேலேயே நீல மையில் இழுப்பேன். பென்சில் இருந்தால் படிக்கிறான், மை இருந்தால் முடித்தான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் இதை மீறியிருக்கிறேன்.

நுண்கணிதம் அவளை இரண்டு தடவை கவிழ்த்தது. முதல் தடவை தேர்வு முடிவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு நேரே மாடிக்குப் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால் ஒரு பழைய பிரிண்டரைக் கழற்றிப்போட்டு, அதன் மேல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "பிரிண்டர் நனையுது" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மூன்றாவது தடவை தேறினாள். அன்றைக்கு நீல மையை அழுத்தி இழுத்ததில் அட்டையே கொஞ்சம் கிழிந்தது.

மகள் அம்மாவின் புத்தகங்களிலேயே படம் வரைந்து வளர்ந்தாள். பள்ளிவிட்டு நேரே ஆய்வகத்துக்கு வந்துவிடுவாள். என்னை மாமா என்பாள். கடைசியில் அவளும் எங்கள் துறையிலேயே சேர்ந்தாள். அம்மா முப்பது பாடம் தாண்டியிருந்தபோது மகள் முதல் பாடத்தில் உட்கார்ந்தாள். முயலும் ஆமையும் ஒரே வருஷம் எல்லைக் கோட்டுக்கு வரும்போல இருக்கிறதே என்று நான் கிண்டல் செய்தேன். கணக்குப் பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. இருவரும் ஒரே நாளில் ஒரே மேடையில் பட்டம் வாங்கலாம். அதன் பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது என்று ஓட்டுநர் என்னிடம் சொன்னார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அவள் படிக்க ஆரம்பித்த ஏழாவது வருஷம் அது. கணினி அமைப்பு ஆய்வகம் என்ற பாடம் வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும், வியாழக்கிழமை இரண்டிலிருந்து ஐந்து வரை. ஒரே ஒரு கிரெடிட். சர்க்யூட் பலகையில் வயர்களைச் சொருகி, கூட்டல் கருவி, நினைவகம் என்று பத்துச் சோதனை செய்ய வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த மூன்று மணி நேரமும் பலகைகளை எடுத்துக்கொடுத்து, கருகியதை மாற்றி, ஆய்வகத்தை ஓட்டுவதே வயரக்காதான். ஒரே ஆள் வேலையிலும் நின்று மாணவியாகவும் எப்படி உட்கார முடியும்? அப்போதைய துறைத் தலைவரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், ஆனால் எப்போதும் நடந்துகொண்டேதான் பேசுவார். அந்த ஆய்வகத்தை நடத்துகிறவருக்கே ஆய்வகமா, விலக்குக் கொடுத்தாயிற்று, டிக் போடுங்கள், கடிதம் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

நான் பேனாவை எடுத்தேன். நீல மையில் இழுத்தேன்.

அந்த நாளை வரவே இல்லை. அடுத்த பருவத்தில் தலைவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வயரக்கா இரண்டு தடவை, கடிதம் வந்துவிட்டதா அண்ணே என்று கேட்டாள். இரண்டாவது தடவை எனக்குக் கோபமே வந்தது. "நான் டிக் போட்டா போட்டதுதான். என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. இந்த வாய் இருக்கிறதே, இதைத் தைத்துப் போட்டிருக்க வேண்டும்.

ஒன்பது வருஷம் அந்த டிக் அட்டையில் அழகாக உட்கார்ந்திருந்தது. பட்டமளிப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, தலைமை அலுவலகம் சரிபார்ப்பு வேலையைக் கணினிக்கு மாற்றியது. கணினிக்கு என் நீல மை தெரியாது. மதிப்பெண் எங்கே என்று கேட்டது, விலக்குக் கடிதம் எங்கே என்று கேட்டது. மகளின் பெயருக்கு நேரே நூற்றிருபது என்று வந்தது. அம்மாவின் பெயருக்கு நேரே நூற்றுப் பத்தொன்பது.

அலமாரியை முழுக்கக் கொட்டித் தேடினேன். இல்லாத கடிதம் எப்படிக் கிடைக்கும்? பழைய தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாள் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார், அப்படி ஒரு விலக்குக் கொடுத்ததாகத் தமக்கு நினைவில்லை என்று. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? படியில் இறங்கிக்கொண்டே சொன்னது எந்தப் படியில் என்று யாருக்கு நினைவிருக்கும். புதிய தலைவர், ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று கையை விரித்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவன் நான்.

அவளிடம் சொல்லத் துப்பில்லாமல் இரண்டு நாள் ஒளிந்து திரிந்தேன். மூன்றாம் நாள் அவளே வந்தாள். சொன்னேன். சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அந்த லேப் அடுத்த பருவத்துல இருக்குல்ல அண்ணே?"

"இருக்கு."

"அப்ப பென்சில்ல போடுங்க."

மகள், பட்டமளிப்புக்கு வரமாட்டேன், அம்மாவோடு சேர்ந்து அடுத்த வருஷம் வாங்கிக்கொள்கிறேன் என்று அடம் பிடித்தாளாம். அம்மா விடவில்லை. பட்டமளிப்பு அன்றைக்கு மகள் அங்கி போட்டு மேடையேறினாள். அதே மேடையின் ஓரத்தில் வயரக்கா குந்தி உட்கார்ந்து, யார் காலும் தடுக்கிவிடக் கூடாது என்று மைக் வயரின் மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மகள் பெயரைக் கூப்பிட்டபோது டேப்பை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினாள். என் பக்கத்தில் நின்ற ஓட்டுநர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அடுத்த பருவம் தொடங்கியது. வியாழன் பிற்பகலில் அவள் மாணவி என்றால் ஆய்வகத்தை யார் பார்ப்பது? ஆள் கிடையாது என்றார்கள். நான் போகிறேன் என்றேன். நந்தி எழுந்து நடக்கிறது என்று துறையே வேடிக்கை பார்த்தது. மூன்று மணி நேரம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மாடியேறினேன். எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது. காலையிலேயே அவள் பலகைகளை வரிசையாக அடுக்கி, எந்தப் பெட்டியில் எது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பாள். அப்படியும் முதல் வாரம் நான் எடுத்துக்கொடுத்ததில் பாதி தப்பு.

அந்த வகுப்பின் ஆசிரியர் சின்ன வயசுக்காரர். அவரும் ஒரு காலத்தில் அவளிடம் வயர் சொருகக் கற்றவர்தான். அவளைப் பேர் சொல்லி வருகைப் பதிவு எடுக்க வாய் வராமல், எழுந்து போய் அவள் முன்னால் கையெழுத்துத் தாளை வைத்தார். அவள் வரிசையில் நின்று, தான் ஒட்டிய எண்ணைப் பார்த்து, என்னிடம் பலகை வாங்கிக்கொள்வாள். எப்போதும் பதினாலாம் நம்பர். அதில் ஒரு விளக்கு எரியாது. நல்லதாக ஒன்று எடுத்துக்கொள்ளேன் என்று கடிந்துகொண்டேன். அதை வேறு பிள்ளை எடுத்தால் தான்தான் தப்புச் செய்துவிட்டதாகப் பயந்துவிடும், எனக்கென்றால் விளக்குதான் தப்பு என்று தெரியும் என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் வேலை செய்வதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. விரல்கள் போகும் வேகத்தில் கண் பின்தங்கிவிடும். முடித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள், பக்கத்து மேசையில் திணறும் பெண்ணிடம் குனிந்து ஏதோ கேட்பாள். விடையைச் சொல்லவே மாட்டாள். கேள்வியாகக் கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணே கண்டுபிடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடுவாள். மேசைக்கு முன்னால் நிற்க இவளுக்கு இன்னும் என்ன தகுதி வேண்டும்?

நாலாவது சோதனையின்போதுதான் கவனித்தேன். மாடியேறி வந்ததும் பேச மாட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து, வயர் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள். உதடு வெளுத்திருக்கும். விசாரித்தால், லிஃப்ட் வேலை செய்யாததை யாரிடமாவது சொல்லுங்கள் என்று பேச்சை மாற்றினாள்.

ஏழாவது வியாழன், எல்லோரும் போன பிறகு, பெட்டிகளை மூடிக்கொண்டே சொன்னாள். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லையாம். அறுவைச் சிகிச்சைக்கு வருகிற வாரமே தேதி கொடுத்திருந்தார்களாம். ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டாளாம்.

"உனக்கு என்ன பைத்தியமா?"

"மூணு வியாழன்தான் அண்ணே பாக்கி. இப்ப படுத்தா மறுபடி ஒரு வருஷம் காத்திருக்கணும். வால்வு எங்க ஓடிடப் போகுது?"

திட்டினேன். முதலில் போய்ப் படு, பட்டம் எங்கேயும் போகாது என்றேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதியே பிரயோசனமில்லை. நான் திட்டியது அரை மனசோடுதான். உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், இன்னும் மூன்று வியாழன் போனால் என் தப்பு துடைபட்டுவிடும் என்ற நிம்மதியும் இருந்தது. ஓட்டுநருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தேதி தள்ளிப்போன விஷயமே தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் போடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டக் குனிந்தவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். மகள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. ஓட்டுநர் பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தி, பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு இறங்கி, ஓடியே வீட்டுக்கு வந்தாராம். அன்று எட்டு மணிக்கு ஆய்வகக் கதவு திறக்கவில்லை. பிள்ளைகள் வெளியே கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். நாற்பத்தாறு வயது அவளுக்கு.

அந்த வியாழன் நான் ஆய்வகத்துக்குப் போனேன், வேறு யார் போவது? பதினாலாம் நம்பர் பலகையை யாருக்கும் கொடுக்கவில்லை.

பத்துச் சோதனையில் குறைந்தது எட்டு செய்தால்தான் தேர்ச்சி. அவள் செய்தது ஏழு. இறந்த மாணவருக்குப் பட்டம் கொடுக்க விதி இருக்கிறதா என்று ஒழுங்குமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது, எல்லாப் பாடங்களையும் முடித்தவருக்கு மட்டும். மனுப் போட்டேன். குழு கூடி, வருத்தம் தெரிவித்து, அந்த வரியையே எனக்குத் திருப்பி எழுதியது.

பருவ முடிவில் சின்ன ஆசிரியர் மதிப்பெண் தாளோடு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். அவள் பெயருக்கு நேரே ஏழு கட்டத்தில் மதிப்பெண், எட்டாவது கட்டம் வெறுமை. கூடவே அவளுடைய நோட்டையும் கொண்டுவந்திருந்தார். எட்டாவது சோதனைக்கான வரைபடத்தை அவள் முன்கூட்டியே போட்டுவைத்திருந்தாள், ஒவ்வொரு வயரின் நிறமும் குறித்து. "நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அந்தக் கட்டத்துல நீங்க எது எழுதினாலும் நான் பாக்கப் போறதில்ல" என்று சொல்லி, தாளையும் நோட்டையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தாள் இரண்டு நாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். முப்பத்தொரு வருஷம் நந்தியாகக் கிடந்ததற்கு ஒரே ஒரு தடவை வழி விட்டால் என்ன? பேனாவில் மை நிரப்பிக்கொண்டிருந்தபோது மகள் வந்தாள். அம்மாவின் ஆய்வகச் சாவிக்கொத்தையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க வந்திருந்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்காரச் சொல்லி, தாளைக் காட்டினேன். மஞ்சள் அட்டையைக் காட்டினேன். அம்மாவுக்குப் பட்டம் வந்துவிடும், நீயே மேடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தாள். நுண்கணிதத்தில் கிழிந்திருந்த இடத்தைத் தடவினாள். கணினி அமைப்பு ஆய்வகத்தில் விரல் நின்றது. ஒன்பது வருஷத்து நீல டிக்கை நான் குறுக்கே அடித்து, பக்கத்தில் பென்சிலில் போட்டிருந்தேன்.

"இந்த ஒரு டிக்கை நம்பித்தான், மாமா, அம்மா அத்தனை வருஷம் இருந்தாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "செய்யாததுக்கு ஒரு தடவை போட்டீங்க. இன்னொரு தடவை வேணாம்."

தாளைத் திரும்ப என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஏழுன்னே போடுங்க. ஏழும் அம்மா செஞ்சது."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தம் என்ற இடத்தில் ஏழு என்று எழுதினேன். மேசையில் இருந்த அம்மாவின் நோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, வரேன் மாமா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அட்டையை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அலுவலகத்தில் மூன்று அலமாரி இருக்கிறது, முடித்தவர்கள், விலகியவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள். அவள் முடிக்கவில்லை. விலகினாள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் படித்துக்கொண்டிருப்பவர்களோடுதான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எல்லா அட்டைகளையும் எடுத்து, யார் எந்தப் பாடத்தில் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பென்சிலில் டிக் போடுவது என் வேலை. அவள் அட்டை கைக்கு வரும். அதில் பென்சில் டிக் ஏற்கெனவே இருக்கும்.